தோட்டாவுக்குரிய பரிசோதனையும் துப்பாக்கி லைசென்ஸ்தாரரின் கடமையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப்பாசன நஞ்சைகளும் மானாவாரிப் புஞ்சைகளுமாக இருந்தன என்பதை அப்பகுதிப் பெரியோர் நன்கறிவர். இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. அவற்றில் உண்டாகும் பொருள்களில் மோட்டார் வாகனங்கள் முதன்மையானவை. புதிய வாகனம் ஒன்றை வகுத்தவர் அதைத் தம் விருப்பம்போல் விற்றுவிட இயலாது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆவது விதியின்படி, அவ்வாகனத்தின் மாதிரியானது சர்க்காரால் குறிக்கப்பட்ட பரிசோதனை நிலையம் ஒன்றில் தேற வேண்டும். அத்தகைய நிலையங்களுள் ஒன்றாகிய குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்திலேயே இருக்கிறது. நாம் உழும் டிராக்டர்கள் மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள பண்ணைக் கருவி நிலையத்தில் பரிசோதிக்கப்படுவதும் நம் வாசகர்கள் அறிந்ததே.

இவ்வாறு டிராக்டருக்கும் லாரிக்கும் விதைக்கும் உரத்திற்கும் பரிசோதனை உண்டென்று அறிந்த பட்டாதாரர்கள், தங்கள் வீட்டுப் பெட்டியிலிருக்கும் தோட்டாவைப் பற்றி மட்டும் சிந்திப்பது அரிது. பயிர்ப் பாதுகாப்புக்கோ தற்காப்புக்கோ லைசென்ஸ் பெற்று இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஜில்லாக்களில் இன்றும் உள்ளன. அவர்கள் கடையில் வாங்கும் தோட்டாவைப் பரிசோதித்தவர் யார்? எச்சட்டத்தின்படி? அப்பரிசோதனையின் காப்பு எதுவரையில் செல்லும்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையைச் சுருக்கமாக முன்னரே கூறிவிடலாம். சட்டம் தோட்டாவைத் தொழிற்சாலையிலும் கடையிலும் காக்கிறது; அத்தோட்டா எந்தத் துப்பாக்கியில், எந்நிலையில் இடப்படுகிறது என்பதைக் காக்க வேண்டியவர் லைசென்ஸ்தாரரே.

பரிசோதனை ஏன் வேண்டும்?

ரவைத் தோட்டா என்பது ஐந்து உறுப்புக்கள் உடையது. காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆகிய கூடு, அதன் பித்தளை அடியில் பதித்த கேப்பு, உந்துமருந்து, மருந்தையும் ரவையையும் பிரிக்கும் அடைப்பு, ரவை என்பனவே அவை. விசையை இழுத்தவுடன் கேப்பு தீப்பற்றி மருந்தை எரிக்கிறது. எரிந்த மருந்து நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் வாயுவாக மாறி, குழலின் சுவரை எல்லாப் பக்கத்திலும் அழுத்துகிறது.

அவ்வழுத்தத்தின் அளவைக் கேட்டால் வியப்பு உண்டாகும். ஐரோப்பிய விதிகளின்படி 12 போர் துப்பாக்கியில் இடும் சாதாரணத் தோட்டாவுக்கு அனுமதித்த சராசரி உச்ச அழுத்தம் 740 பார். அதாவது, விரல் நகமளவுள்ள ஒரு சதுர செண்டிமீட்டர் இடத்தின்மேல் 75 கிலோ எடையுள்ள நெல்மூட்டைகள் பத்தினை ஏற்றியதற்கு ஒப்பாகும். இவ்வழுத்தம் உண்டாவது சுடுபவருடைய முகத்திற்கும் இடக்கைக்கும் ஒரு சாண் அளவில். மருந்து சிறிது மிகுந்தாலும், தவறான வகை மருந்து இடப்பட்டாலும் குழல் பிளந்து கையும் கண்ணும் போய்விடும். மருந்து குறைந்தால் அடைப்பு குழலின் நடுவில் நின்றுவிட, அடுத்த தோட்டா அதே தீங்கைச் செய்யும். ஆதலால் தோட்டாவின் குற்றம் வாங்கியவனுடைய கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படும்போது காலம் கடந்துவிடும். கண்டு தெளிய இயலாத பொருளைச் சட்டம் கொண்டு காக்க வேண்டிய அவசியம் இதனால் ஏற்பட்டது.

பரிசோதிக்கும் முறை

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பரிசோதனை முறை வெவ்வேறு. துப்பாக்கியை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். வழக்கமான அழுத்தத்திற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுதியான அழுத்தம் தரும் விசேஷத் தோட்டாவை இட்டு, மறைவிலிருந்து சுடுவார்கள். குழல் பருக்காமலும் பிளக்காமலும் பூட்டு தளராமலும் இருந்தால் அதன்மேல் முத்திரை பொறிக்கப்படும். இம்முத்திரையே துப்பாக்கியின் மெய்ப்புக் குறி.

தோட்டாவை அவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்தல் இயலாது. சுட்டுப் பார்த்த தோட்டா விற்பனைக்கு உதவாது. எனவே, ஒரே மருந்தும் ஒரே கேப்பும் கொண்டு ஒரு தொடர்ச்சியாகச் செய்யப்பட்டவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டு, அதிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கின்றனர். விதைக் குவியலிலிருந்து மாதிரி எடுத்து முளைப்புத்திறன் காண்பது போன்றதே இது.

மாதிரித் தோட்டாக்களைக் கனத்த பரிசோதனைக் குழலில் இட்டுச் சுடுவார்கள். முற்காலத்தில் அக்குழலின் பக்கத்துளையில் சிறிய செம்பு உருளையையோ ஈய உருளையையோ வைத்து, வெடியின் அழுத்தத்தால் அது எவ்வளவு நசுங்கியது என்று அளந்தனர். இக்காலத்தில் அழுத்தம் பட்டால் மின்சாரம் தோற்றுவிக்கும் படிகக் கருவி அவ்விடத்தைப் பெற்றுள்ளது. அழுத்தத்தோடு வேறு சிலவும் பார்க்கப்படும். கூட்டின் நீளமும் விட்டமும் குறித்த அளவில் உள்ளனவா? குறித்த உயரத்திலிருந்து எடை விழுந்தால் கேப்பு தவறாது பற்றுகிறதா, அதனினும் குறைந்த உயரத்திலிருந்து விழுந்தால் பற்றாமல் இருக்கிறதா? ரவை ஒரே வேகத்தில் செல்கிறதா? இவையெல்லாம் தேறினால்தான் அத்தொகுதி வெளிச்செல்லும். பெட்டியின்மேல் அச்சிடப்பட்டுள்ள தொகுதி எண்ணின் பயன் இதுவே. ஒரு தோட்டாவில் குற்றம் கண்டால் அதன் உடன்பிறந்த தோட்டாக்கள் எங்கெங்குச் சென்றன என்பதை அவ்வெண் கொண்டே தேட இயலும்.

பிற நாடுகளின் ஏற்பாடு

இங்கிலாந்தில் 1637இல் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்திற்கு அரச சாசனம் கிடைத்தது. 1813இல் பர்மிங்ஹாம் நகரில் மெய்ப்பு நிலையம் சட்டத்தால் நிறுவப்பெற்றது. 1868, 1950, 1978 ஆகிய வருஷங்களின் சட்டங்களால், மெய்ப்புக் குறியில்லாத துப்பாக்கியை விற்பது அந்நாட்டில் குற்றமாகும். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து நிலையம் 1672இல் தோன்றியது. அந்நகரிலேயே 1914இல், பல நாட்டு மெய்ப்பு நிலையங்களை ஒரே அளவுகோலின்கீழ்க் கொணரும் பொருட்டு ஒரு நிரந்தர சர்வதேசக் குழு உண்டாயிற்று. 1969இல் பிரஸ்ஸல்ஸில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அது இப்பொழுது நடைபெறுகிறது. அதன் உறுப்பு நாடுகளில் பொதுமக்களுக்கு விற்கும் துப்பாக்கி மட்டுமன்றித் தோட்டாவும் பரிசோதனையில் தேறியிருத்தல் சட்டப்படி அவசியம். இந்தியா அக்குழுவில் உறுப்பு நாடன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழி வேறு. அங்கே 1926இல் தோட்டா உற்பத்தியாளர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து அழுத்த அளவுகளை வகுத்துக்கொண்டனர். அவ்வளவுகளை அனுசரிப்பது சங்கத்தாரின் விருப்பத்தைப் பொறுத்தது, சட்டத்தின் கட்டாயமன்று. 1972இல் அந்நாட்டார் ஏற்படுத்திய நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் விலக்கப்பட்டன. பெரிய நாடுகளிலும் இவ்விஷயத்தில் ஒரே நெறி இல்லை என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் இணைந்து நிற்கின்றன. முதலாவது 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் ஏற்பட்ட 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளும் ஆகும். இவற்றை நிறைவேற்றும் இலாகாவின் தலைமையிடம் நாகபுரி. அதன் அதிகாரியாகிய தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் அங்கீகரித்த வெடிபொருளைத் தவிர வேறொன்றையும் செய்யவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்பதே இவ்விதிகளின் அடிப்படை. புதிய வெடிபொருளுக்கு அங்கீகாரம் கோருபவர், அதன் சேர்மானத்தைத் தெரிவித்து மாதிரியைப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

இவ்விதிகளில் வெடிபொருள்கள் வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கரிமருந்து முதல் வகுப்பு. தோட்டா முதலியவை ஆறாம் வகுப்பு. அவ்வகுப்பின் முதற் பிரிவில் 'பாதுகாப்புத் தோட்டா' என்றொன்று வருகிறது. அதற்குக் கூறியுள்ள இலக்கணம் கவனிக்கத்தக்கது. சிறு துப்பாக்கியில் சுட்டபின் கூட்டை வெளியே எடுக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும்; ஒரு தோட்டா வெடித்தால் அவ்வெடி அருகிலுள்ள மற்றத் தோட்டாக்களுக்குப் பரவாதவாறு மூடப்பட்டிருத்தல் வேண்டும். ஒழுங்காகச் செய்யப்பட்ட பெட்டித் தோட்டாக்களை வண்டியில் ஏற்றவும் கடையில் அடுக்கவும் இயலுவது இவ்விலக்கணத்தினாலேயே. வீட்டில் தகர டப்பாவில் கொட்டி வைத்த கரிமருந்துக்கு இவ்விலக்கணம் சிறிதும் பொருந்தாது. ஒரு பொறி பட்டால் முழுதும் ஒருங்கே பற்றும்.

இரண்டாவது, 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். 1878ஆம் வருஷத்து பழைய சட்டத்தை நீக்கி, 1962 அக்டோபர் முதல் நாள் இது அமலுக்கு வந்தது. இதன்கீழ் இப்பொழுது நடைமுறையில் உள்ளவை 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள். நம் வாசகர்கள் அறிய வேண்டிய பிரிவுகள் பின்வருமாறு:

3ஆம் பிரிவு: லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது. தோட்டா என்னும் சொல்லில் கேப்பு போன்ற உறுப்புக்களும் அடங்கும். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

5ஆம் பிரிவு: துப்பாக்கியையும் தோட்டாவையும் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, பரிசோதிப்பது, மெய்ப்பிப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே பரிசோதனையும் சட்டத்திற்குள் அடங்கிய தொழிலே. 'என் துப்பாக்கியில் கொஞ்சம் மருந்து மிகுதியாகப் போட்டுப் பார்க்கிறேன்' என்று ஊர்க் கொல்லனிடம் கொண்டுபோவதற்கு இடமில்லை. சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பித் தோட்டா செய்வதும் உற்பத்தித் தொழிலேயாம். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப்பின் லைசென்ஸின்றி இவற்றைச் செய்வோருக்கு ஏழு வருஷத்திற்குக் குறையாத சிறைவாசமும், ஆயுள் வரையில் நீளக்கூடிய தண்டனையும் உண்டு.

8ஆம் பிரிவு: செய்தவர் பெயரும் எண்ணும் பிற அடையாளமும் பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்கக் கூடாது, பொறித்ததை அழிக்கவும் மாற்றவும் கூடாது.

10ஆம் பிரிவு: துப்பாக்கியையும் தோட்டாவையும் அயல்நாட்டிலிருந்து தருவிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும்.

13ஆம் பிரிவு: உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கே முதலில் லைசென்ஸ் தரப்படும். அது போதாதென்று அதிகாரி திருப்தியடைந்தால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய வழவழப்பான உட்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம்.

நம் நாட்டில் 12 போர் தோட்டா வெகுகாலமாகச் சர்க்கார் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு வந்துள்ளது. புனாவை அடுத்த கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் ஏற்பட்டது. 'சக்திமான்' என்னும் பெயருள்ள தோட்டா அங்கிருந்து வருவதே. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை உந்துமருந்து செய்வதில் பெயர்பெற்றது. 2021 அக்டோபர் முதல் நாள் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, இவ்விரண்டும் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் கம்பெனியின்கீழ் வந்தன. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை மற்றொரு கம்பெனியைச் சார்ந்தது.

பரிசோதனையின் எல்லை

இனி நாம் முக்கியமாகக் கூற வந்ததற்கு வருகிறோம். சான்று பெற்ற விதை, பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம் வரையில் மட்டுமே சான்றுடையதாகக் கருதப்படும் என்பதை அனைவரும் அறிவர். அக்காலத்திற்குள்ளும் ஈரக் கோணியில் போட்டு வைத்தால் விதை முளைக்காது. அதற்கு விதைப் பரிசோதனை நிலையம் பொறுப்பாகாது. தோட்டாவும் அத்தன்மையதே. தொழிற்சாலையில் அது தேறியது நல்ல நிலையிலுள்ள, அளவொத்த, மெய்ப்புக் குறி பெற்ற குழலில் இடப்படும் என்னும் எண்ணத்தின்பேரிலாம். அவ்வெண்ணம் நான்கு வகையில் பொய்த்துப் போகிறது.

முதலாவது, குழலின் வயது. பாட்டனார் காலத்துச் சீமைத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல்கள், இரும்பும் எஃகுமாகிய நாடாக்களை முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்யப்பட்டவை. குழலின்மேல் பாம்பின் சட்டை போன்ற வரி காணப்படும். அவற்றுட் பல கரிமருந்துக்கு மட்டும் மெய்ப்பிக்கப்பட்டவை. இக்காலத்துத் தோட்டாவிலுள்ள புகையற்ற மருந்து வேறு விதமாக எரிவது. அதற்கு அக்குழல் மெய்ப்பிக்கப்படவில்லை. மேலும், அந்நாளில் பெற்ற முத்திரை அந்நாளைய குழலுக்கே உரியது. நூறாண்டுத் துருவும் தேய்மானமும் அதில் சேரா.

இரண்டாவது, அறையின் நீளம். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா தங்கும் அறை 65 மில்லிமீட்டர் நீளமுடையது. இக்காலத் தோட்டாக்களுள் பல 70 மில்லிமீட்டர். இவ்வளவு, சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளத்தைக் குறிப்பது. மடித்து மூடியிருக்கும்போது 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறையில் தடையின்றி நுழைந்துவிடும். துப்பாக்கியும் நன்றாக மூடிக்கொள்ளும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமின்றி நெருக்குண்டு, அழுத்தம் அனுமதித்த அளவுக்கு மேல் ஏறும். 'உள்ளே நுழைந்தது, ஆகவே பொருந்தியது' என்று எண்ணுவது பெரும் பிழை.

மூன்றாவது, போர் எண். 12 போர் என்பதற்குப் பொருள், குழலின் விட்டமுள்ள ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்பதாம். ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 20 போர் தோட்டா 12 போரைவிடச் சிறியது. அதனைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் இட்டால் அறையைக் கடந்து குழலினுள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். சுட்டவர் வெடி தவறிற்று என்றெண்ணிப் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுடுவார். குழல் துண்டாகப் பிளக்கும். இவ்வபாயத்தைத் தடுக்கவே 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறமாகச் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஒரே வீட்டில் இரு அளவுத் தோட்டாக்களும் இருந்தால் ஒரே பெட்டியில் ஒருபோதும் வைக்கலாகாது.

நான்காவது, வைத்திருக்கும் விதம். உர மூட்டையும் பூச்சிமருந்தும் உள்ள அறையின் ஈரம் தோட்டாவுக்கு ஆகாது. அடுப்பங்கரைப் பரணின் சூடும் ஆகாது. காகிதக் கூடு ஈரத்தில் பருக்கும். பித்தளை பச்சை பூக்கும். துரு ஏறாதிருக்கத் தோட்டாவின்மேல் எண்ணெய் தடவுவோர் உளர். எண்ணெய் கேப்பினுள் ஊறி அதைக் கெடுத்துவிடும். ஆதலால் இப்பழக்கம் தவறு.

சுடுமுன்னும் சுடும்போதும்

சுவரில் மாட்டிய துப்பாக்கிக் குழலினுள் சேற்றுக் குளவி கூடு கட்டுவது நம் நாட்டில் சாதாரணம். ஒரு பிடி மண் போதும் குழலைப் பிளப்பதற்கு. ஆகவே தோட்டா இடுவதற்குமுன், துப்பாக்கியை மடித்து இரண்டு குழல்களின் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. கேப்பு மெல்லப் பற்றி மருந்து தாமதித்து எரிவதுண்டு. ஆளும் ஆடுமாடும் இல்லாத திசையில் குழலை நீட்டியவாறே அரை நிமிஷத்திற்குக் குறையாமல் இருந்து, பின்னர் திறந்து அத்தோட்டாவைத் தனியே ஒதுக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடைப்பு குழலினுள் நின்றிருக்கலாம். குழலைப் பார்க்காமல் இரண்டாவது வெடி சுடலாகாது. கெட்டுப்போன தோட்டாவை அடுப்பில் போடுவதும், கிணற்றில் எறிவதும், பிரித்து மருந்தை எடுப்பதும் அறவே கூடாதவை. அதனை லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒப்படைத்தலே முறை.

தோட்டாவை லைசென்ஸ் பெற்ற கடையிலன்றி வேறெங்கும் வாங்கலாகாது. வாங்கும்போது வியாபாரி தம் ரிஜிஸ்தரில் பதிவதோடு, வாங்குபவருடைய லைசென்ஸிலும் வகை, அளவு, தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதனை வெறும் எழுத்து வேலையென்று எண்ணற்க. தொகுதி எண்ணுள்ள பெட்டியும் லைசென்ஸில் எழுதிய வரியும் இருந்தால்தான், தோட்டாவில் குற்றம் நேர்ந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று காட்ட இயலும். நண்பரிடம் கைமாற்றாகப் பெற்ற பத்துத் தோட்டாக்களுக்கு அவ்விரண்டும் இல்லை. சட்டத்தின் துணையும் இல்லை.

பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை

துப்பாக்கி லைசென்ஸ் பெற்றதனாலேயே காட்டு விலங்கைச் சுடும் உரிமை வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. பயிருக்குச் சேதம் விளைக்கும் விலங்கை அகற்றுவதற்கும் 11ஆம் பிரிவின்படி உரிய வன அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2025ஆம் வருஷத்தில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வயல்களில் புகும் காட்டுப்பன்றிகளைச் சுடும் வேலையும் வனத்துறையினரையே சார்ந்தது. மயிலைச் சுடுவது எந்நிலையிலும் கடுங்குற்றம்.

அனுமதியும் லைசென்ஸும் பெறுவது கடினம் என்றெண்ணிச் சிலர் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியைத் தீனியில் வைக்கின்றனர். பரிசோதனை என்பதே இல்லாத வெடிபொருளின் இயல்பு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. அது பன்றியென்றும் பசுவென்றும் பார்ப்பதில்லை. கடித்த யானை வாய் சிதைந்து பல நாள் பட்டினி கிடந்து மடிகிறது. அதைச் செய்பவர் கையிலேயே வெடிப்பதும் உண்டு. புல் பிடுங்கச் சென்ற சிறுவர் கையில் எடுத்தால் நேரும் விபரீதத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

லைசென்ஸ்தாரர் காலமான வீடுகளிலேயே அபாயம் மிகுதி. தந்தையார் இறந்து வருஷக்கணக்காகியும் துப்பாக்கி சுவரிலும், தோட்டாக்கள் மரப்பெட்டியில் பத்திரங்களோடும் கிடக்கும். பிள்ளைகளுக்கு அதன் போர் எண்ணும் தெரியாது. தோட்டாவின் வயதும் தெரியாது. பன்றி வந்தது என்னும் இரவில் எவரேனும் அதை எடுப்பார். அத்துடன், லைசென்ஸ்தாரர் மறைந்த பின்னர் வாரிசுகள் அவற்றை லைசென்ஸின்றி வைத்திருத்தல் தானே குற்றமாகும். அதற்கு இரண்டு வருஷத்திற்குக் குறையாத சிறைவாசம் விதிக்கப்பட்டுள்ளது.

இத்தகைய குடும்பத்தாருக்குச் சட்டம் ஒரு நல்வழி காட்டியிருக்கிறது. 21ஆம் பிரிவின்படி, சட்டப்படி வைத்திருக்க இயலாமற்போன துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்ததனால் உடைமை போய்விடாது. குறித்த காலத்திற்குள் வாரிசுதாரர் தாம் லைசென்ஸ் பெற்று அதைத் திரும்ப வாங்கலாம். அல்லது உரிமையுள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் பெறலாம். அக்காலம் கடந்தால் மாத்திரம் சர்க்கார் அதைக் கைப்பற்றிக்கொள்ளும். இதனை அறியாமல், போலீஸாரிடம் கொடுத்தால் வழக்கு வருமென்று அஞ்சிக் குடும்பத்தார் மறைத்து வைப்பதே வழக்கமாக இருக்கிறது.

ஆகவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கோரி வரும் குடும்பத்தாரிடம், வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி உண்டா என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு வார்த்தை கேட்டு, இப்பிரிவை எடுத்துரைத்தல் பெரும் உபகாரமாகும். ஆயுதச் சட்டக் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் தக்க காரணமின்றி வாளாவிருத்தல் கூடாது, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 36ஆம் பிரிவு கூறுவதையும் நினைவிற் கொள்க. லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தவர்களிடம், 2016ஆம் வருஷத்து விதிகளின்படி தனி அடையாள எண் லைசென்ஸில் பதிந்துள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்லலாம்.

முடிவுரை

ஒரகடத்துப் பரிசோதனை நிலையத்தில் தேறிய வாகனமும் தேய்ந்த டயரோடு ஓட்டினால் கவிழும். சான்று பெற்ற விதையும் நனைந்தால் முளைக்காது. சட்டம் செய்யக்கூடியது அங்கீகாரம், உற்பத்தி, முத்திரை, விற்பனை ஆகியவற்றின் ஒழுங்கு. குழலின் நிலை, அறையின் நீளம், தோட்டாவின் வயது என்னும் மூன்றையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவர் அதைக் கையில் எடுப்பவர். வீட்டில் துப்பாக்கி உள்ள பட்டாதாரர் ஒவ்வொருவரும் இம்மாதத்திலேயே ஒரு பகற்பொழுது பெட்டியைத் திறந்து, லைசென்ஸையும் தோட்டாவையும் குழலையும் மேற்கூறியவாறு ஒத்துப் பார்ப்பாராக. பழைய குழலில் ஐயம் இருப்பின் லைசென்ஸ் பெற்ற பழுது பார்ப்போரிடம் காட்டும் வரையில் அதனைச் சுடாதிருத்தல் நலம். வருஷம் தெரியாத தோட்டாவை ஒப்படைத்துவிட்டுப் புதிது வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு கையின் விலைக்கு ஈடாகாது.